சந்தனப் பட்டில் வாழைக்கறை

அன்புள்ள கதிர்,

பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடையிலிருந்து நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்று மாம்பழ மஞ்சள், இன்னொன்று பாசிப்பச்சை. "எது வேணும்மா? சீக்கிரம் சொல்லுங்க, கடைக்காரரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்காரு" என்று உன் குரலும் பின்னாலேயே வந்தது. நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். எந்தச் சேலைக்கு அந்தக் கட்டைவிரல் என்று உனக்கு விளங்கியிருக்காது. எனக்கும் விளங்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, நீ பாவம் ஆபீசுக்கும் மண்டபத்துக்கும் அலைகிறாய், அதற்கு நடுவில் அம்மாவுக்குச் சேலை பார்க்கிறாயே என்று சந்தோஷம் ஒரு பக்கம். நீ கடைசியில் சொன்ன ஒரு வார்த்தை இன்னொரு பக்கம். "அந்தப் பழைய சந்தனக் கலர் பட்ட மட்டும் கட்டிடாதீங்கம்மா. முந்தானையில அவ்ளோ பெரிய கறை. போட்டோவுல நல்லா தெரியும்" என்றாய்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாய், எனக்குச் சத்தம் கேட்கும். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். மத்தியானம் சோறு வடித்துவிட்டு உட்கார்ந்தேன், நான்காவது தாள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் மூன்றையும் கிழித்துப் போட்டாயிற்று. உன் அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "என்னா, கோர்ட்டுக்கா எழுதுற இவ்ளோ நீளம்?" என்கிறார். ஒரு வகையில் அப்படித்தான் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, டீ கேட்டார்.

அந்தச் சேலையில் கறை எப்படி வந்தது என்று ஒரு தீபாவளிக்கு நீ கேட்டாய். கோயில் திருவிழாவில் யாரோ வாழைத்தாரைச் சாய்த்துவிட்டார்கள் என்று சொன்னேன். நீயும் நம்பினாய். அது பொய் ஐயா. இத்தனை வருஷமாக அந்தப் பொய்யைப் பெட்டியில் சேலையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தேன். உனக்கென்று ஒரு வீடு அமையப்போகிற நேரத்தில் அதை எடுத்து உதறிவிட வேண்டும் என்று தோன்றியது.

கறைக்கு வருவதற்கு முன்னால் உன் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் லோரி ஓட்டுநர் என்று எழுதினேன். தாயார் தொழில் என்ற இடத்தில் சூரி ரூமா என்று எழுதினேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்று. அன்றைக்கு விடியற்காலையில்தான் காப்பாரில் இருக்கிற நம் வாழை நிலத்தில் நூற்றைம்பது இலை அறுத்துக் கட்டி அப்பாவின் லோரியில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஏற்றிவிட்டு, குளித்து, தலைசீவி, உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். நகத்தில் கறை போகவில்லை என்று கையை மடக்கிக்கொண்டு எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனை பாரம் வந்ததோ, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம், எல்லாவற்றிலும் அதே சூரி ரூமாதான். சொந்தக்காரர்கள் கேட்டால், "சும்மா, கொஞ்சம் வாழை வச்சிருக்கேன்" என்பேன். கொஞ்சம் என்றால் நிலத்துக்காரச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேயிடம் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர்.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்பாய். என் அம்மா பால்மரம் வெட்டியவர். எங்களை மண்ணிலிருந்து ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வைராக்கியம். என்னைக் கிள்ளானில் டவுன் வீட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தபோது ஏதோ நாட்டையே பிடித்த மாதிரி சந்தோஷப்பட்டார். அந்த நான் திரும்பவும் கத்தியும் சேறுமாக நிற்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேலை பிடிக்காமல் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், குருத்து விரிகிற அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு நிறைகிறது. பிடித்த வேலையை வாயால் சொல்லத்தான் வெட்கப்பட்டேன். இது என்ன மாதிரி பைத்தியக்காரத்தனம் பார்.

அந்த வெட்கத்தில் உனக்கே ஒரு கெடுதல் செய்திருக்கிறேன். நான்காம் வகுப்பில் "என் குடும்பம்" என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். நீ அப்பாவை லோரியில் வரைந்தாய். என்னை வாழைக்கு நடுவில் நிற்கவைத்து, கையில் நீளக் கழியும் அதன் முனையில் வளைந்த இலைக்கத்தியும் கொடுத்து வரைந்திருந்தாய். கத்தி என்னை விடப் பெரிதாக இருந்தது. நான் பார்த்துவிட்டு, "இத எதுக்கு வரைஞ்ச? டீச்சர் என்னா நினைப்பாங்க? அழிச்சிட்டு ஒரு அடுப்பு வரை" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. அழிப்பானை எடுத்துத் தேய்த்தாய், தேய்த்தாய், தாள் மெலிந்து போகிற வரைக்கும் தேய்த்தாய். பிறகு அந்த இடத்தில் ஒரு அடுப்பு வரைந்தாய். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் அடுப்போடு நின்றேன் நான். டீச்சர் அதற்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

சரி, இப்போது கோவிட் வருஷத்துக்கு வருகிறேன். அழுகிற கதை ஒன்றும் இல்லை, பயப்படாதே. நடமாட்டக் கட்டுப்பாடு என்று அறிவித்த மறுநாளே பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, இல அனுப்பாதீங்க லா. யாரும் உக்காந்து சாப்பிடக் கூடாதாம். எல்லாம் தாபாவ்தான், டப்பாவுல கட்டிக் குடுக்கறதுதான். எப்ப திறப்பாங்கன்னு தெரியல" என்றார். கடைக்குப் பூட்டு போடலாம், வாழைக்குப் போட முடியுமா? அது பாட்டுக்குக் குருத்து விட்டுக்கொண்டே இருந்தது. அறுக்காமல் விட்டால் காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கும், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அதனால் நிலத்துக்குப் போக அனுமதி வாங்கிக்கொண்டு, வாங்க ஆள் இல்லாத இலையை வாரத்துக்கு மூன்று நாள் அறுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அந்த மாதங்களில் நாம் சாப்பிட்ட மாதிரி எந்த ராஜாவும் சாப்பிட்டிருக்க மாட்டான் தம்பி. மேகி மீயைக்கூடத் தலைவாழை இலையில் கொட்டிச் சாப்பிட்டோம். நீ முன்னறையில் மேலே சட்டை, கீழே கைலி என்று உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் இங்கிலீஷில் பொளந்து கட்டிக்கொண்டிருப்பாய், பக்கத்தில் இலையில் இட்லி இருக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி மீன் அவிக்க வேலிக்கு மேலே இலை வாங்கிக்கொண்டு, திரும்ப ஒரு துண்டு மீனையும் அதே இலையில் சுற்றிக் கொடுப்பார். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்ட வாங்கிப் போவார். மறுநாள் காலை நமக்கு மூன்று பொட்டலம் வரும். லோரி ஓடாமல் வீட்டில் கிடந்த உன் அப்பா, இலையைத் துடைக்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டு எனக்கே துடைக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். கையில் காசு இல்லை, வெளியே போக முடியாது, தெருவே பயந்து கிடந்தது, ஆனால் நம் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகக்கூட இருக்கிறது.

அப்போதுதான் விவசாயிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறதாம் என்று நீ செய்தியில் கேட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தாய். "அம்மா, உங்களுக்கு அப்ளை பண்ணப் போறேன்" என்றாய். அது நெல்லு போடுறவங்களுக்கு, கேமரன் மலையில் கோஸ் போடுறவங்களுக்கு, நமக்கு இல்லை என்றேன். "நீங்க விவசாயிதானேம்மா?" என்று கேட்டாய். "போடா, விவசாயியாம்" என்று சொல்லி வெங்காயத்தை வேகமாக நறுக்கினேன். நீ விடவில்லை. தவுக்கேயிடம் குத்தகைக் கடிதம் வாங்கினாய், அடையாளக் கார்டைப் படம் பிடித்தாய், எதையெதையோ நிரப்பி அனுப்பினாய். கொஞ்ச நாளில் அதிகாரி ஒருவர் நிலத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அன்றைக்கு உனக்கு ஆபீசுக்கே நேரில் போக வேண்டிய முக்கியமான மீட்டிங். கிளம்பும்போது சொன்னாய்: "அம்மா, நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. தோட்டத்தக் காட்டுங்க. போதும்."

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தாள். இரண்டு நாள் முன்னாலேயே போய்த் தோட்டத்தைக் கூட்டினேன். காய்ந்தது, கிழிந்தது, அரைகுறையாக விரிந்தது என்று கண்ணில் பட்ட இலையை எல்லாம் அறுத்துத் தள்ளினேன். மரங்கள் எல்லாம் மொட்டையடித்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. ஆஹா, எவ்வளவு சுத்தம் என்று எனக்கு ஒரே பெருமை. வரப்பில் கோலம் போடலாமா என்றுகூட யோசித்தேன். அன்று காலை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மேசையும் லோரியில் ஏற்றிப் போய், மேசைக்குப் பூப்போட்ட விரிப்பு விரித்து, முறுக்கும் பாக்கெட் மைலோவும் வைத்தேன். அப்புறம் நான். என் நாத்தனார் கல்யாணத்துக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எடுத்த அந்தச் சந்தனப் பட்டைக் கட்டி, தாலிக்கொடியோடு இரட்டை வடம் போட்டு, முகக்கவசம்கூடச் சேலைக்குப் பொருத்தமாகப் பார்த்து மாட்டிக்கொண்டேன். கவர்மெண்டு ஆள் வருகிறார், நம்மை இல்லாதப்பட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது பார். உதவி கேட்கிற ஆள் அப்படித்தான் யோசிக்குமா என்று கேட்காதே. நான் யோசித்தேன்.

உன் அப்பா என்னை இறக்கிவிட்டு, "பொண்ணு பாக்கவா வராங்க?" என்று கேட்டுவிட்டு லோரிக்குள்ளேயே தூங்கப் போய்விட்டார்.

வந்தது ஒரு இளம் மலாய்ப் பெண். முழங்கால் வரைக்கும் மஞ்சள் பூட்ஸ், தலையில் துடோங் முக்காடு, கையில் கோப்பு. முப்பது வயதுகூட இருக்காது. மொட்டை மரங்களைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார், என் வடத்தைப் பார்த்தார். முறுக்கை நீட்டினேன். கவசத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்து, கையெடுத்து மறுத்தார். தார் எங்கே ஆன்டி என்று மலாயில் கேட்டார். இது இலைக்காக வளர்க்கிறது, தார் பெரிதாக விடாது என்றேன். அப்படியானால் இலை எங்கே என்று கேட்டார். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் எல்லாவற்றையும் அறுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். இங்கே வேலை எல்லாம் யார் செய்கிறார்கள்?

கதிர், இதை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன். அந்தப் பெண்ணிடம் நான், "ஆள் வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அடா ஓராங் கெர்ஜா. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, வடம் போட்டுக்கொண்டு, நான்தான் சேற்றில் இறங்கி அறுக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாரத்தில் எழுதிப் பழகிய கை மாதிரி வாயும் பழகிப்போயிருந்தது.

அவர் தலையாட்டினார். "அப்படின்னா இந்த உதவி அவருக்குத்தான் போகணும் ஆன்டி. நேர்ல பயிர் செய்றவங்களுக்குத்தான் இது" என்று மலாயில் பொறுமையாகச் சொல்லிவிட்டு, எழுதுவதற்குத் தாளைத் திருப்பினார். "அவரு பேரு என்ன?"

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம், குப்பன், சுப்பன், ஏதோ ஒன்று. வாயில் வந்ததெல்லாம் என் பெயர்தான். அதையும் சொல்ல முடியவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இவங்களா?" என்று கேட்டார்.

அது விண்ணப்பத்தோடு நீ அனுப்பிய படம். நீ எப்போது எடுத்தாய் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. பின்னால் இருந்து எடுத்திருக்கிறாய். பழைய கைலியும் அப்பாவின் முழுக்கைச் சட்டையுமாக, தலையில் இலைக்கட்டோடு ஒருத்தி வரப்பில் நடந்து போகிறாள். ஒரு கையால் கட்டைப் பிடித்திருக்கிறாள், மறு கையில் கத்திக்கழி. அவள் நடையைப் பார்த்தால் யாருக்கும் எதற்கும் பயப்படுகிறவள் மாதிரி இல்லை. படத்துக்குக் கீழே நீ மலாயில் இரண்டே வரி எழுதியிருந்தாய். இவர் என் அம்மா. பதினெட்டு வருஷமாக இந்த நிலத்தின் விவசாயி. பெத்தானி என்று நீ எழுதியிருந்த அந்தச் சொல்லைத்தான் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து வயதில் அழிக்கச் சொன்னதை இருபத்து நான்கு வயதில் திரும்ப எழுதி, அரசாங்கத்துக்கே அனுப்பிவிட்டாயே என் ராசா.

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாது. "சாயா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "இது நான். நான்தான் அறுக்கிறேன். ஆளெல்லாம் கிடையாது. வெட்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கொட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என் பட்டைப் பார்த்தார். முதுகைக் காட்டுகிற படத்தை வைத்துக்கொண்டு அவர் எப்படி நம்புவார்? நியாயம்தானே. உடனே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மறைத்து வைத்திருந்த கத்திக்கழியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். மொட்டையடித்ததில் தப்பித்து, மூன்றாவது வரிசைக் கடைசி மரத்தின் உச்சியில் ஒரே ஒரு இலை விரிந்து நின்றது. கழியை உயர்த்தி, கத்தியைக் காம்பில் கொக்கி போட்டு ஒரு சுண்டு. இலை நுனி கிழியாமல் என் கைக்கு வந்தது. அவசரத்தில் தள்ளி நிற்க மறந்துவிட்டேன். வெட்டின இடத்திலிருந்து தண்ணீர் மாதிரி கறை சொட்டுச் சொட்டாக முந்தானையில் இறங்கியது. தெரிந்தும் நான் நகரவில்லை.

அந்த இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் மேசையில் விரித்தேன். இது யாருடைய தோட்டம் என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை கண் சிரித்தது. "சாயா புஞ்ஞா" என்றேன், என்னுடையது என்று. பதினெட்டு வருஷத்தில் நான் சத்தமாகச் சொன்ன முதல் தடவை அதுதான். லோரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த உன் அப்பா எழுந்து எட்டிப் பார்த்தார் என்றால் எவ்வளவு சத்தம் என்று பார்த்துக்கொள். அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டு, "ஆன்டி, ஹாரி-ஹாரி பாக்காய் மாச்சாம் இனி?" என்று கேட்டார், தினமும் இப்படித்தான் உடுத்திக்கொண்டு இலை அறுப்பீர்களா என்று. நான் சிரித்த சிரிப்பில் கவசம் கழன்றுவிட்டது. முறுக்கை அந்த இலையிலேயே மடித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

நீ வீட்டுக்கு வந்து, "எப்படிம்மா போச்சு?" என்று கேட்டாய். "நல்லா போச்சு" என்று மட்டும் சொன்னேன். சேலையை ஊறவைத்துவிட்டேன், எலுமிச்சை, உப்பு, சவர்க்காரம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வாழைக்கறை போகிற கறையா? சில வாரத்தில் பணம் வந்துவிட்டது என்று நீ கத்திக்கொண்டே ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாய், அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. என் பெயருக்கு, என் கணக்கில், விவசாயி என்பதற்காக வந்த முதல் காசு. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. உரம் வாங்கினேன், அந்த அதிகாரி போட்டிருந்த மாதிரியே ஒரு ஜோடி மஞ்சள் பூட்ஸ் வாங்கினேன், உன் அப்பா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டு பிரியாணியும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் உன் பாரம் செய்த வேலை என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் பாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் உன் அம்மா அதைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டாள் என்பதை நான் சொல்லவில்லை. சொன்னால், ஆள் வைத்திருக்கிறோம் என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். உன் இரண்டு வரிக்கு முன்னால் என் அந்த ஒரு வரி ரொம்ப அசிங்கமாக இருந்தது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் பெற்றவர்கள் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஷாலினியிடம் ஏதாவது தப்புச் செய்துவிட்டால் அன்றைக்கே, சாப்பாடு ஆறுவதற்குள் சொல்லிவிடு. நான் இவ்வளவு வருஷம் சுமந்தது வீண் சுமை, ஒரு பத்து நிமிஷத்தில் இறக்கியிருக்கலாம். அவள் தன் வேலையில் மூழ்கி, உன்னைக்கூட மறந்து நிற்கிற நேரம் ஒன்று வரும். அப்போது சத்தம் போடாமல் பின்னால் இருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். அவளுக்கே அவள் யார் என்று சந்தேகம் வருகிற ஒரு நாளில் அதை எடுத்துக் காட்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான், நான் திருப்பித் தருகிறேன். அப்புறம், யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் ரொம்பச் சுத்தம் பண்ணாதீர்கள். நான் சுத்தம் பண்ணினதில் தோட்டமே காணாமல் போய்விட்டது.

நிச்சயத்தன்று சாலாக் செலாத்தானில் பெண் வீட்டில் ஷாலினியின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க வேலைக்குப் போறீங்களாக்கா, இல்ல வீட்டுலதானா?" என்று கேட்டார். நீ அந்தப் பக்கம் மாமனாரோடு பேசிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு, "விவசாயி. காப்பார்ல வாழை இலைத் தோட்டம் வச்சிருக்கேன். நானேதான் அறுக்குறேன்" என்றேன். அந்த அம்மா கண்ணை விரித்து, "அப்ப நம்ம பிள்ளைங்க கல்யாணத்துக்கு உங்க இலையிலதான் சாப்பாடு. மண்டபத்துக்காரன் தட்டு, பஃபேன்னு ஏதாச்சும் சொன்னா நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் மண்டபத்து மேனேஜர் இப்போது எனக்குப் போன் செய்து "ஆன்டி, இல எத்தன மணிக்கு வரும்?" என்று மரியாதையாகக் கேட்கிறார். எனக்கு ஏற்ற சம்பந்திதான். அறுநூறு இலை, இப்போதிருந்தே குருத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் மஞ்சள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவேன். மாப்பிள்ளையின் அம்மா அன்றைக்கு எங்கே என்று யாராவது கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்.

ஆகையால், பாசிப்பச்சையை வாங்கு, நன்றாக இருக்கிறது. மறுநாள் விருந்துக்குக் கட்டிக்கொள்கிறேன். தாலி கட்டுகிற நேரத்துக்கு அந்தச் சந்தனப் பட்டுத்தான். கறை வெளியே தெரிகிற மாதிரிதான் முந்தானையை மடித்துப் போடுவேன், போட்டோவில் நன்றாக விழட்டும். யாராவது கேட்டால் நீ வெட்கப்படுவாயோ என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதிய இரண்டு வரி ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டது எப்போதும் நான்தான், நீ ஒருநாளும் இல்லை. என்னை மன்னித்துவிடு தம்பி.

இந்தக் கடிதத்தோடு நான்காக மடித்த ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான்காம் வகுப்புப் படம்தான், அடுப்பும் நட்சத்திரமும் அப்படியே இருக்கின்றன. அடுப்பை அழித்துவிட்டு என் கையில் அந்தக் கத்தியைத் திரும்ப வரைந்து கொண்டு வா, பெரிதாகவே வரை. பத்து வயதில் நீ தேய்த்த இடம் இன்னும் மெலிசாகத்தான் இருக்கிறது, பார்த்து மெதுவாக அழி.

உன் அம்மா